கருத்தடை, பால்வினை நோய், எச்.ஐ.வி. பரிசோதனை: தமிழ்நாட்டில் எங்கே போவது, என்ன கேட்பது (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஆணுறையோ கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டியோ அந்தரங்கத்தில் வந்த புண்ணோ, எதைப் பற்றிய சந்தேகமாக இருந்தாலும் நம் ஊரில் முதலில் செல்போனில் தேடுவார்கள், அப்புறம் நண்பரிடம் கேட்பார்கள், மருத்துவரிடம் போவது கடைசியில்தான். அதற்குள் மாதக்கணக்கில் ஓடிவிடுகிறது. இத்தனைக்கும் இதில் முக்கால்வாசி விஷயம் அரசு மருத்துவமனையில் ஒரு பைசா செலவில்லாமல் கிடைக்கிறது. எந்த அறைக்குப் போவது என்று தெரியாததும், யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயமும்தான் ஆளை வீட்டிலேயே உட்கார வைக்கிறது. அதனால் இந்தப் பக்கத்தில் எந்த அறை, என்ன பெயர், உள்ளே என்ன நடக்கும் என்பதைத்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

சந்தேகமாக இருக்கிறது. முதலில் எங்கே போக வேண்டும்?

மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இரண்டு பெயர்ப் பலகைகளைத் தேடுங்கள். ஒன்று நம்பிக்கை மையம். இது எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும். ஊழியர்கள் ஐ.சி.டி.சி. என்றும் சொல்வார்கள். தாலுகா மருத்துவமனைகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கூட இது இருக்கிறது. இன்னொன்று சுகவாழ்வு மையம், சில இடங்களில் சுரக்ஷா கிளினிக் என்று எழுதியிருக்கும். புண், சீழ், எரிச்சல், மரு மாதிரியான பால்வினை நோய்ப் பிரச்சினைகளுக்கு இங்கே போக வேண்டும். சென்னையில் சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் பால்வினை நோய்க்கென்றே தனித் துறை உண்டு.

ஓ.பி. சீட்டு போடும் இடத்தில்தான் பலர் திரும்பி வந்துவிடுகிறார்கள். பின்னால் இருபது பேர் நிற்கும்போது "என்ன பிரச்சினை?" என்று கேட்பார்கள். அங்கே நோயைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. "ஐ.சி.டி.சி. போகணும்" அல்லது "எஸ்.டி.டி. ஓ.பி." என்றால் போதும், சீட்டில் அறை எண்ணை எழுதித் தருவார்கள். நேரில் போகுமுன் பேசிப் பார்க்க வேண்டுமென்றால் 1097, எச்.ஐ.வி. பற்றிய இலவச உதவி எண், தமிழிலேயே பேசலாம். பொதுவான மருத்துவ சந்தேகங்களுக்கு 104.

நம்பிக்கை மையத்தில் ஆதார் கேட்பார்களா? வீட்டுக்குத் தெரிந்துவிடுமா?

பரிசோதனைக்கு ஆதார் கட்டாயம் இல்லை. உள்ளே ஒரு ஆலோசகர் இருப்பார். கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பேசுவார். எதற்காகப் பரிசோதனை, கடைசியாக எப்போது பாதுகாப்பில்லாமல் உறவு வைத்தீர்கள், இப்படிச் சில கேள்விகள் கேட்பார். சங்கடமாகத்தான் இருக்கும், ஆனால் அவர் தினமும் கேட்கும் கேள்விகள் அவை, நீங்கள் சொல்லும் எதுவும் அவருக்குப் புதிதில்லை. அப்புறம் ரத்தம் எடுப்பார்கள். பெரும்பாலும் அன்றைக்கே முடிவு தெரிந்துவிடும். முதல் சோதனையில் பாசிட்டிவ் என்று வந்தால் அதை வைத்து மட்டும் சொல்லிவிட மாட்டார்கள், வேறு வேறு கிட்டுகளில் மூன்று முறை பார்த்த பிறகுதான் உறுதி செய்வார்கள்.

ரகசியம் காப்பது ஆலோசகரின் நல்ல குணம் மட்டும் இல்லை, சட்டம். 2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. தடுப்புச் சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதனை செய்யவும் கூடாது, சட்டம் சொல்லும் ஒருசில சூழ்நிலைகள் தவிர முடிவை வேறு யாருக்கும் சொல்லவும் கூடாது. எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காக வேலையை விட்டு எடுப்பதும் வீட்டைக் காலி செய்யச் சொல்வதும் அதே சட்டம் தடை செய்யும் பாகுபாடு.

ஒன்றைக் கவனியுங்கள். நேற்று நடந்ததற்கு இன்று பரிசோதனை செய்து நெகட்டிவ் வந்தால் அதற்கு அர்த்தம் இல்லை. கிருமி உடம்புக்குள் வந்தாலும் சோதனையில் தெரிய சில வாரங்கள் ஆகும். அதனால் மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்கச் சொல்வார்கள். அந்த இரண்டாவது தடவைக்குப் பலர் போவதில்லை. தயவுசெய்து போங்கள்.

நேற்று ராத்திரி ஆணுறை கிழிந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

இதில் இரண்டு தனித்தனிக் கவலைகள் இருக்கின்றன, இரண்டுக்கும் 72 மணி நேரம்தான் கணக்கு. சோம்பல் படாமல் இன்றைக்கே கிளம்ப வேண்டிய விஷயம் இது.

முதல் கவலை கர்ப்பம். இதற்குப் பெண் போட வேண்டிய அவசரக் கருத்தடை மாத்திரை லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே ஒரு மாத்திரை. 72 மணி நேரத்துக்குள் என்று அட்டையில் போட்டிருந்தாலும் மூன்றாவது நாள் வரை காத்திருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், எவ்வளவு சீக்கிரம் போடுகிறீர்களோ அவ்வளவு பலன். இது கருமுட்டை வெளியாவதைத் தள்ளிப்போடும் மாத்திரை. கருக்கலைப்பு மாத்திரை வேறு, இது வேறு, ஏற்கெனவே தங்கிய கருவை இது ஒன்றும் செய்யாது. அடுத்த மாதவிடாய் முன்னே பின்னே வரலாம். ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். நேரம் கடந்துவிட்டது, ஆனால் ஐந்து நாள் ஆகவில்லை என்றால் காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம். மாத்திரையைவிட அது நன்றாகத் தடுக்கும், தொடர்ந்து கருத்தடையாகவும் இருக்கும்.

இரண்டாவது கவலை எச்.ஐ.வி. கூட இருந்தவருக்கு எச்.ஐ.வி. உண்டு, அல்லது இருக்க வாய்ப்புண்டு என்றால் 'பெப்' என்ற தடுப்பு மருந்து இருக்கிறது. 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி.க்கு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் கேளுங்கள். ராத்திரி நேரமென்றால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அங்கே ஆகாது என்றால் எச்.ஐ.வி. சிகிச்சை பார்க்கும் தனியார் மருத்துவர் எழுதித் தருவார். வாதாடிக்கொண்டு ஒரு நாளை வீணாக்க வேண்டாம்.

நாலு மெடிக்கல் ஷாப் ஏறி இறங்கிவிட்டேன், அந்த மாத்திரை இல்லை என்கிறார்களே?

தெரியும். சென்னை உட்படத் தமிழ்நாட்டில் பல கடைகளில் இதை வாங்கி வைப்பதே இல்லை. சிலர் "பேன் பண்ணிட்டாங்க" என்று கூசாமல் சொல்வார்கள். தடை எதுவும் இல்லை. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட மருந்து இது, மற்ற மாநிலங்களில் சாதாரணமாகக் கிடைக்கிறது. 72 மணி நேரத்தில் சாப்பிட வேண்டிய ஒரு மாத்திரைக்காக ஒரு பெண் ஊரெல்லாம் அலைவதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. செய்யக்கூடியது: பெரிய மருத்துவமனைகளுக்குள்ளேயே இருக்கும் மருந்தகத்தில் கேளுங்கள், மகப்பேறு மருத்துவரிடம் சீட்டு வாங்கிக்கொண்டு போனால் இன்னும் சுலபம். அரசின் குடும்ப நலத் திட்டத்தில் 'ஈஸி பில்' என்ற பெயரில் இதே மாத்திரை இலவசமாக உண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்திலும் குடும்ப நலப் பிரிவிலும் கேட்டுப் பாருங்கள்.

ஆணுறை போட்டும் கிழிகிறது. என்ன தப்பு செய்கிறோம்?

பெரும்பாலும் மூன்று காரணங்கள்தான். முதலாவது எண்ணெய். வழவழப்புக்குத் தேங்காய் எண்ணெய், வாசலின், பேபி ஆயில் என்று கையில் கிடைத்ததைத் தடவுவார்கள். ஆணுறை லேடெக்ஸ் ரப்பர், எண்ணெய் பட்ட சில நிமிடங்களில் பலம் போய்விடும், கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் சார்ந்த ஜெல் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும், அதைத்தான் பயன்படுத்த வேண்டும். இரண்டாவது சூடு. பர்ஸில் மாதக்கணக்கில் வைத்து அதன் மேலேயே உட்காருவது, பைக் டேங்க் கவரில் போட்டு மே மாத வெயிலில் நிறுத்துவது. மூன்றாவது அவசரம். பல்லால் கடித்துப் பிரிப்பது, நுனியில் காற்றை விட்டுவிடுவது.

சரியான முறை இதுதான்: காலாவதி தேதியைப் பாருங்கள், பாக்கெட்டைக் கையால் ஓரத்தில் கிழியுங்கள், நுனியை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக் காற்றை வெளியேற்றிவிட்டு அடிவரை உருட்டி விடுங்கள். முடிந்ததும் விறைப்பு இருக்கும்போதே அடியைப் பிடித்துக்கொண்டு வெளியே எடுக்க வேண்டும். இரண்டு ஆணுறையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்பது தவறு, உராய்ந்து இரண்டுமே கிழியும்.

அரசு கொடுக்கும் நிரோத் மட்டமானது என்று ஒரு பேச்சு உண்டு. பாதுகாப்பில் குறை எதுவும் இல்லை. நம்பிக்கை மையத்திலேயே இலவசமாகக் கிடைக்கும்.

எனக்கு வெள்ளைப்படுகிறது. இது பால்வினை நோயா?

எல்லா வெள்ளைப்படுதலும் நோய் அல்ல. மாதவிடாய்ச் சுற்றின் நடுவில் முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழவழப்பாக வருவது இயல்பு. தயிர் திரிந்தது போல் கட்டியாக, அரிப்போடு வந்தால் அது பூஞ்சைத் தொற்று. சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கும் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களுக்கும் அடிக்கடி வரும், உடலுறவே இல்லாதவர்களுக்கும் வரும். மஞ்சளாக, பச்சையாக, நுரையாக, துர்நாற்றத்தோடு வந்தாலோ அடிவயிற்று வலி, காய்ச்சல் சேர்ந்தாலோ தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும். "உடம்புச் சூடு" என்று சொல்லி வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்துக்கொண்டு ஒரு வருடம் ஓட்டும் பெண்கள் நிறையப் பேர். கொனோரியா, கிளமிடியா என்ற இரண்டு பால்வினை நோய்களும் பெண்களுக்குப் பெரும்பாலும் அறிகுறியே காட்டாமல் கருக்குழாய் வரைக்கும் போய், பின்னால் குழந்தை தங்காமல் போகக் காரணமாகிவிடும்.

ஆண்குறியில் ஒரு புண் வந்தது, வலிக்கவில்லை, தானாகவே ஆறிவிட்டது. விட்டுவிடலாமா?

விடக் கூடாது. வலிக்காத புண், தானாக ஆறும் புண், இரண்டும் சேர்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சிபிலிஸ். ஊர்ப்பக்கம் மேகநோய் என்பார்கள். புண் ஆறும், கிருமி போகாது. வாரங்கள் கழித்து உள்ளங்கை, உள்ளங்காலில் தடிப்பாக வரும், அதுவும் மறையும். பல வருடம் கழித்து இதயத்தையும் மூளையையும் பிடிக்கும். ஆரம்பத்தில் வந்தால் ஒரே தடவை பென்சிலின் ஊசியில் குணமாகிற நோய் இது! வி.டி.ஆர்.எல். அல்லது ஆர்.பி.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இதைப் பார்க்க வேண்டும் என்பது விதி, ஏனென்றால் வயிற்றுக் குழந்தைக்குப் போனால் குழந்தை இறந்தே பிறக்கலாம்.

வலிக்கிற சிறு சிறு கொப்புளங்கள் கூட்டமாக வந்தால் பெரும்பாலும் ஹெர்ப்பிஸ். அது அவ்வப்போது திரும்ப வரும், மருந்தால் அடக்கி வைக்கலாம். சிறுநீர் போகும்போது எரிந்து சீழ் வந்தால் கொனோரியா, கிளமிடியா.

சுகவாழ்வு மையத்தில் கலர் பாக்கெட்டில் மருந்து கொடுத்தார்கள். பரிசோதனையே செய்யாமல் எப்படிக் கொடுக்கலாம்?

அறிகுறியைப் பார்த்தே சிகிச்சையை ஆரம்பிக்கும் முறை அது. லேப் முடிவு வர நான்கு நாள் ஆகும் என்று அனுப்பினால் பாதிப் பேர் திரும்ப வர மாட்டார்கள் என்பதால் நாடு முழுவதும் இப்படி வைத்திருக்கிறார்கள். சாம்பல், பச்சை, வெள்ளை, நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று ஏழு நிறக் கிட்டுகள். சீழ் வடிந்தால் சாம்பல், வெள்ளைப்படுதலுக்குப் பச்சை, ஹெர்ப்பிஸுக்குச் சிவப்பு, இப்படி. கூடவே எச்.ஐ.வி., சிபிலிஸ் ரத்தப் பரிசோதனையும் எழுதுவார்கள், அதையும் செய்துகொள்ளுங்கள்.

பாதியில் நிறுத்தாதீர்கள். பெரும்பாலான தொற்றுகளில் உங்கள் துணைக்கும் சேர்த்தே மருந்து கொடுப்பார்கள். கணவன் மட்டும் சாப்பிட்டு மனைவிக்குச் சொல்லாமல் மறைத்தால் பத்து நாளில் அதே நோய் அவளிடமிருந்து திரும்ப வரும், பழியும் அவள்மேல் விழும். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்றால் ஆலோசகரிடம் சொல்லுங்கள், அதற்கும் சேர்த்துத்தான் அவர் இருக்கிறார்.

கருத்தடையில் எது நல்லது?

எல்லோருக்கும் ஒன்றே நல்லது என்று சொன்னால் அது பொய். உங்கள் வயது, குழந்தை இருக்கிறதா, இனிமேல் வேண்டுமா, பால் கொடுக்கிறீர்களா, பி.பி. இருக்கிறதா, தினமும் மாத்திரை ஞாபகம் இருக்குமா, இதையெல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மாலா-என் தினசரி மாத்திரை. அட்டையில் 28 இருக்கும், 21 ஹார்மோன், 7 இரும்புச்சத்து. மாதவிடாய் ஒழுங்காக வரும், ஆனால் மறந்தால் பலனில்லை. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும், பிரசவமாகி ஆறு மாதத்துக்குள் பால் கொடுப்பவர்களுக்கும் வேண்டாம். சாயா என்று இன்னொரு மாத்திரை, ஹார்மோன் இல்லாதது, பால் கொடுப்பவர்களும் சாப்பிடலாம். முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒன்று. அந்தரா மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. வீட்டில் யாருக்கும் தெரியாமல் போட்டுக்கொள்ள முடிகிறது என்பதாலேயே சிலர் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாதவிடாய் ஒழுங்கு தப்பும், சிலருக்கு நின்றே போகும், அதனால் ரத்தம் உள்ளே தேங்கிவிடாது. ஊசியை நிறுத்தியபின் கரு தங்கச் சில மாதங்கள் கூடுதலாக ஆகலாம் என்பதால் சீக்கிரம் குழந்தை வேண்டுமென்றால் இது பொருத்தமில்லை.

காப்பர்-டி பற்றித்தான் நம் பெண்களிடம் அதிகப் பயம். "மேலே ஏறி நெஞ்சுக்குப் போய்விடும்", "கருப்பை புண்ணாகிவிடும்". கருப்பையிலிருந்து நெஞ்சுக்கு வழியே கிடையாது. முதல் சில மாதம் ரத்தப்போக்கும் வலியும் கூடலாம், அது உண்மை. காப்பர்-டி 380ஏ பத்து வருடம் வேலை செய்யும், எடுத்த உடனே கர்ப்பம் தரிக்கலாம். பிரசவம் ஆன 48 மணி நேரத்துக்குள் அங்கேயே போட்டுக்கொள்ளும் வசதியும் உண்டு. ஆனால் அதற்கு முன்கூட்டியே உங்களிடம் கேட்டு, புரிய வைத்து, சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். கேட்காமல் போடக் கூடாது. வேண்டாம் என்று சொல்லும் உரிமையும், போட்டதை எடுக்கச் சொல்லும் உரிமையும் உங்களுடையது.

இவற்றில் எதுவும் பால்வினை நோயைத் தடுக்காது. அதற்கு ஆணுறை மட்டும்தான்.

தாய்ப்பால் கொடுக்கும்போது கரு தங்காது என்கிறார்களே?

குழந்தைக்கு ஆறு மாதம் ஆகவில்லை, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கிறீர்கள், மாதவிடாய் திரும்ப வரவில்லை. இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் மட்டும் பெருமளவு உண்மை. ஒன்று தவறினாலும் நம்ப வேண்டாம்.

கணவர் கையெழுத்து வேண்டுமா? கல்யாணம் ஆகாதவர்கள் கேட்கலாமா?

18 வயது நிறைந்த பெண்ணுக்குக் காப்பர்-டி, ஊசி, மாத்திரை, கருக்கலைப்பு எதற்கும் கணவர் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை. நடைமுறையில் கேட்கிறார்கள். "சட்டப்படி என் சம்மதம் போதும்தானே மேடம்?" என்று பணிவாக, ஆனால் தெளிவாகக் கேளுங்கள். கல்யாணம் ஆகாதவர்கள் தாராளமாகக் கேட்கலாம். நர்ஸோ மருத்துவரோ முகம் சுளித்தால் தவறு அவர்கள் மேல்தான், நீங்கள் குறுக வேண்டியதில்லை.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆண் செய்துகொண்டால் பலம் போய்விடுமா?

போகாது. விந்தணு வரும் குழாயை மட்டும்தான் அடைக்கிறார்கள். ஹார்மோன், விறைப்பு, ஆசை, விந்து வெளியாவது எல்லாம் அப்படியே இருக்கும். தழும்பில்லாத நவீன வாசக்டமி சில நிமிடத்தில் முடியும், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். பெண்ணுக்கு வயிற்றைத் திறந்து செய்கிற வேலை அது. ஆனாலும் தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இந்த ஆபரேஷன் செய்திருக்கிறார்கள், ஆண்கள் ஒரு சதவீதம் கூட இல்லை. பிரசவ வலியும் அவளுக்கு, கத்தியும் அவளுக்கு என்பது நியாயமா என்று ஒவ்வொரு ஆணும் யோசிக்க வேண்டும். வாசக்டமிக்குப் பிறகு மூன்று மாதம் ஆணுறை போட வேண்டும், பிறகு விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கர்ப்பமாகிவிட்டேன், வேண்டாம். கடையில் மாத்திரை வாங்கிப் போடலாமா?

வேண்டாம். ஒன்பது வாரத்துக்குள் மாத்திரையால் கலைக்கலாம் என்பது சரி, ஆனால் மருத்துவர் பார்த்துத்தான். கரு குழாயில் தங்கியிருந்தால் மாத்திரை கேட்காது, குழாய் வெடித்து உயிருக்கே ஆபத்தாகும். கருக்கலைப்பு இங்கே 1971-ம் ஆண்டுச் சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. 20 வாரம் வரை ஒரு மருத்துவர் கருத்துப் போதும், 2021 திருத்தத்துக்குப் பின் சில பிரிவினருக்கு இரண்டு மருத்துவர்கள் ஒப்புதலோடு 24 வாரம் வரை. அந்தப் பிரிவில் கல்யாணம் ஆகாத பெண்களும் அடக்கம் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அரசு மருத்துவமனையில் கட்டணம் இல்லை. நாள் தள்ளத் தள்ளச் சிக்கல் கூடும், அதை மட்டும் மறக்காதீர்கள்.

எச்.ஐ.வி. பாசிட்டிவ் என்று வந்துவிட்டது. இனி என்ன?

அதே மருத்துவமனையில் இருக்கும், அல்லது பக்கத்தில் இருக்கும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு அனுப்புவார்கள். மருந்து வாழ்நாள் முழுக்க இலவசம். இந்தியாவில் முதன்முதலில் 1986-ல் சென்னையில்தான் எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டது, மருத்துவர்கள் சுனிதி சாலமனும் நிர்மலாவும் செய்த வேலை அது. அப்போது கொடுக்க மருந்து இல்லை. இன்று தினம் ஒரு மாத்திரையை விடாமல் சாப்பிடுபவர் மற்றவர்கள் மாதிரியே வேலைக்குப் போகிறார், வயதாகும் வரை வாழ்கிறார். ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால் உடலுறவு மூலம் துணைக்குப் பரவாது. கர்ப்பத்திலேயே மருந்து எடுத்தால் குழந்தைக்குப் போகாமலும் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

நான் திருநங்கை / ஓரினச்சேர்க்கை ஆண். ஓ.பி.யில் கேலி செய்வார்களோ என்று பயம்.

நியாயமான பயம். உங்கள் பகுதியில் எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்தில் வேலை செய்யும் சமூக அமைப்புகளின் களப்பணியாளர்கள் இருப்பார்கள், பெரும்பாலும் உங்கள் சமூகத்தினரே. 1097-ல் கேட்டால் விவரம் சொல்வார்கள், அவர்களே கூட வந்து நிற்பார்கள். உச்ச நீதிமன்றத்தின் 2018 செப்டம்பர் 6 தீர்ப்புக்குப் பிறகு வயதுவந்தவர்கள் விருப்பத்தோடு வைக்கும் உறவு குற்றம் இல்லை, அதனால் மருத்துவரிடம் உண்மையைச் சொல்லலாம். சொன்னால்தான் தொண்டை, ஆசனவாய் தொற்றையும் பார்ப்பார். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எச்.பி.வி. தடுப்பூசி யாருக்கு?

கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்க. உடலுறவு வாழ்க்கை தொடங்கும் முன், 9 முதல் 14 வயதில் போட்டால் பலன் அதிகம். 14 வயதுப் பெண் குழந்தைகளுக்குப் படிப்படியாகப் போடுவோம் என்று தமிழக அரசு 2025 பட்ஜெட்டில் அறிவித்தது. உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடம் விசாரியுங்கள். 30 வயது தாண்டிய பெண்களுக்கு அரசு மருத்துவமனைகளில் கருப்பைவாய்ப் பரிசோதனை இலவசம், சில நிமிட வேலை.

எனக்கு 17 வயது. நான் போகலாமா?

சிகிச்சைக்குப் போகலாம், போக வேண்டும். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன்: போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழே உடலுறவு நடந்தது தெரிந்தால், விருப்பத்தோடு என்றாலும், மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும். கருக்கலைப்பு விஷயத்தில் அப்படித் தகவல் கொடுக்கும்போது, சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் பெயரைத் தெரிவிக்க வேண்டியதில்லை என்று மேலே கருக்கலைப்புப் பகுதியில் சொன்ன உச்ச நீதிமன்றத்தின் 2022 தீர்ப்பு சொல்கிறது. நம்பகமான பெரியவர் ஒருவரைக் கூட்டிப் போங்கள், இல்லையென்றால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள்.

வன்முறை நடந்துவிட்டது. முதலில் போலீசா, ஆஸ்பத்திரியா?

ஆஸ்பத்திரிக்கே நேராகப் போகலாம். எஃப்.ஐ.ஆர். இல்லை என்று திருப்பி அனுப்ப யாருக்கும் உரிமை இல்லை, தனியார் மருத்துவமனை உட்பட எல்லோரும் உடனே இலவசமாக முதலுதவியும் சிகிச்சையும் தர வேண்டும். கர்ப்பத் தடுப்பு மாத்திரை, எச்.ஐ.வி. தடுப்பு மருந்து, பால்வினை நோய் மருந்து மூன்றையும் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் குளிக்காமல், அதே உடையோடு போங்கள்; குளித்துவிட்டாலும் போங்கள். பெண்களுக்கான உதவி எண் 181.

லாட்ஜில் வந்து உட்காரும் பரம்பரை வைத்தியரிடம் போய்விட்டேன், பதினைந்தாயிரம் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். சுயஇன்பத்தால் நரம்பு தளர்ந்துவிட்டது, விந்து நீர்த்துவிட்டது என்பதெல்லாம் பயத்தை வைத்துப் பணம் பிடுங்கும் வழி. உண்மையான நோய் இருந்தால் அந்த லேகியம் கேட்காது, கிருமி உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும். ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் மீதி மருந்தையும் கையில் எடுத்துக்கொண்டு நாளைக் காலை ஓ.பி. திறந்ததும் போங்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் உங்களைத் திட்டினால்கூடப் பரவாயில்லை, மருந்து எழுதித் தருவார்.